முன் லோரிக்கும் பின் லோரிக்கும் நடுவே



சிம்பாங் அம்பாட் டோல் சாவடியைத் தாண்டி வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஏறுகிறவர்களுக்கு ஓர் அனுபவம் உண்டு. இணைப்புச் சாலை முடிகிற இடத்தில் நாம் நுழைய வேண்டியது இடது தடம். அதுவே லோரிகள் செல்லும் தடமும் ஆகும். வலப்பக்கம் திரும்பிப் பார்க்கிறோம். இரண்டு லோரிகளுக்கு நடுவே இடைவெளி தெரிகிறது. அதற்குள் நம் காரைச் செலுத்துகிறோம். அந்த இடைவெளியைப் பற்றித்தான் இன்று நாம் சிந்திக்கப் போகிறோம்.

வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லும் கணக்கு ஒன்று. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் லோரி ஒரு விநாடியில் சுமார் 22 மீட்டர் கடந்துவிடும். முன் வண்டியின் சிவப்பு விளக்கைக் கண்டு, ஓட்டுநரின் கால் பிரேக்கை மிதிக்க ஏறத்தாழ ஒரு விநாடி ஆகிறது. ஆகவே இரண்டு விநாடி இடைவெளி, அதாவது 44 மீட்டராவது, வேண்டும் என்கிறார்கள். மனிதனின் கண்ணையும் காலையும் அளந்து எழுதிய விதி இது.

இப்போது மின்னணுக் கருவிகள் வந்துவிட்டன. முதல் லோரி பிரேக் பிடித்த உடனே, வானொலி அலை வழியாகப் பின் லோரிகளுக்குச் செய்தி போகிறது. அவையும் தாமே பிரேக் பிடிக்கின்றன. 2021 பிப்ரவரியில் ஜப்பானில் மூன்று லோரிகள் 80 கிலோமீட்டர் வேகத்தில், சுமார் 9 மீட்டர் இடைவெளியில் அணிவகுத்து ஓடின. பின்னிரண்டு லோரிகளின் ஓட்டுநர் இருக்கையில் ஆளே இல்லை!

இதனால் என்ன பயன்? நெருங்கி ஓடினால் காற்றின் தடை குறையும், எண்ணெய் மிச்சமாகும். ஜெர்மனியில் பெரிய லோரிகள் நெடுஞ்சாலையில் 50 மீட்டர் இடைவெளி விடவேண்டும் என்பது சட்டம். அங்கே 2018, 2019இல் சிறப்பு அனுமதியோடு 15 மீட்டர் அளவுக்கு நெருங்கி ஓட்டிப் பார்த்தார்கள். மிச்சமான எண்ணெய் நூற்றுக்கு மூன்று, நான்கு பங்குதான். டைம்லர் நிறுவனம் 2019இல் இம்முயற்சியைக் கைவிட்டது. நடுவே பிற வண்டிகள் புகுந்து அணி பிரிந்தால், மீண்டும் சேர வேகம் கூட்டவேண்டும். மிச்சம் மேலும் குறைந்துவிடும் என்பது அது சொன்ன காரணங்களில் ஒன்று.

நேயர்களே, சிக்கல் இங்கேதான் இருக்கிறது. வழிவிட்டால் லோரி உடைமையாளருக்கு நட்டம். வழிவிடாவிட்டால் நுழைய வந்தவருக்கு ஆபத்து. இதை அவரவர் பெருந்தன்மைக்கு விட்டுவிட முடியுமா? சட்டம்தான் தீர்க்கவேண்டும்.

அமெரிக்காவில் இவ்விதியை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே வகுக்கிறது. மிச்சிகன் மாநிலத்தில் லோரிகளுக்கு 500 அடி இடைவெளி என்பது பழைய விதி. 2016இல் அணியாக ஓடும் லோரிகளுக்கு அதிலிருந்து விலக்கு அளித்தார்கள். ஆனால், திட்டத்தை முன்கூட்டியே மாநிலக் காவல் துறையிடமும் போக்குவரத்துத் துறையிடமும் கொடுக்கவேண்டும். நெடுஞ்சாலையில் ஏறவும் இறங்கவும் பிற வண்டிகளுக்கு வழிவிட வேண்டும் என்பதையும் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். நம் அண்டை நாடான சிங்கப்பூர், துறைமுக முனையங்களுக்கிடையே இத்தகைய லோரி அணியைச் சோதிக்க 2017இல் ஒப்பந்தம் செய்தது. அதே ஆண்டில் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தையும் திருத்தியது.

நம் நாட்டில் 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் எல்லா மாநிலங்களுக்கும் பொது. அபாயகரமாக ஓட்டுவதையும் கவனமின்றி ஓட்டுவதையும் குற்றமென்று கூறும் அதன் 42, 43ஆம் பிரிவுகள் 'ஓட்டுகிறவரை'ப் பொறுப்பாக்குகின்றன. பின் லோரியில் ஓட்டுகிறவரே இல்லையென்றால் யார் பொறுப்பு? முதல் லோரியில் அமர்ந்திருப்பவரா, உடைமையாளரா, கருவி செய்தவரா? தோட்டத்தை விட்டு வெளியேறிய நம் பிள்ளைகள் பலர் லோரி ஓட்டித்தான் குடும்பம் காக்கிறார்கள். தன் கால் மிதிக்காத பிரேக்குக்காக அவர்களில் ஒருவர் நீதிமன்றத்தில் நிற்கும் நிலை வரக்கூடாது.

கருவி வேகமாக வரலாம். சட்டம் அதற்கு முன்பே வந்து காத்திருப்பது நல்லது. தோட்டத்துக் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் நுழைய ஓர் இடைவெளி அச்சட்டத்தில் இருக்கட்டும்.