படம் யாருக்குச் சொந்தம்?



கவிஞர்க்கு மாதச் சம்பளம் தந்து கவிதை எழுதச் சொல்லும் இதழ் அரிது. புகைப்படக் கலைஞர்க்கோ அத்தகைய காலம் ஒன்று வாய்த்திருந்தது. 1936 நவம்பரில் ஹென்றி லூஸ் அமெரிக்காவில் 'லைஃப்' படவார இதழைத் தொடங்கியபோது, மார்கரெட் போர்க்-ஒயிட் முதலான கலைஞர்களை ஊதியத்தில் அமர்த்தினார். மொன்டானா மாநிலத்து ஃபோர்ட் பெக் அணையை அவ்வம்மையார் எடுத்த படமே முதல் இதழின் அட்டையை அணிசெய்தது. படச்சுருள், பயணச் செலவு, இருட்டறை அனைத்தும் நிறுவனத்தின் பொறுப்பு. ஈடாக நெகடிவ் நிறுவனத்துக்குச் சொந்தமாயிற்று. எப்படத்தை வெளியிடுவது, எங்கே வெட்டுவது, அடியில் என்ன எழுதுவது என்பன ஆசிரியரின் மேசையில் முடிவாயின.

இம்முறையை மறுத்தே 1947-இல் ராபர்ட் காப்பா, கார்ட்டியே-பிரெசோன், டேவிட் சீமோர், ஜார்ஜ் ராட்ஜர் முதலியோர் 'மேக்னம்' என்னும் கூட்டுறவு அமைப்பை நிறுவினர். எடுத்தவர்க்கே படம் சொந்தம்; இதழ் பெறுவது வெளியிடும் அனுமதி மட்டுமே. இன்று எளிதாகத் தோன்றும் இக்கருத்து அன்று துணிச்சலானது.

துணிச்சலின் விலையை யூஜீன் ஸ்மித்தின் வாழ்வில் காணலாம். ஆப்பிரிக்காவில் ஆல்பர்ட் சுவைட்சர் நடத்திய மருத்துவமனையைப் பற்றிய அவரது படத்தொகுப்பு 1954-இல் 'லைஃப்' இதழில் வந்தது. அது அமைக்கப்பட்ட விதம் பொறாது அவர் வேலையைத் துறந்து மேக்னத்தில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு பிட்ஸ்பர்க் நகரைப் படமெடுக்கும் பணி கிடைத்தது. கேட்டவை 100 படங்கள். தந்த காலம் மூன்று வாரம். அவரோ 10,000-க்கு மேற்பட்ட படங்களை எடுத்துக் குவித்தார். தடுக்க ஆசிரியர் இல்லை. தாங்கச் சம்பளமும் இல்லை. வறுமை சூழ்ந்தது. ஒரு காவியத்தை முடிக்க இயலாத கவிஞரின் நிலை அது.

தொலைக்காட்சி விளம்பரங்களை ஈர்த்துக்கொள்ள, 1972 டிசம்பரில் 'லைஃப்' வார இதழ் நின்றது. ஊதியப் பணியிடங்கள் அருகத் தொடங்கின. 1978-இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம், மாற்று ஒப்பந்தம் எழுதப்படாவிடில் தனித்து இயங்குவோரின் படம் அவர்க்கே உரியது என்றது. காகிதத்தில் வெற்றிதான். பதிப்பகங்கள் பல அந்த மாற்று ஒப்பந்தத்தையே நீட்டின. மறுத்தால் அடுத்த வேலை இல்லை. சம்பளமும் இன்றி உரிமையும் இன்றி நிற்கும் மூன்றாம் நிலை இவ்வாறு பிறந்தது. கையொப்பமிடாதவர்க்கும் காவல் உறுதியன்று. 'நேஷனல் ஜியாக்ரஃபிக்' 1997-இல் தன் பழைய இதழ்களைக் குறுந்தகடுகளாக விற்றபோது, ஜெர்ரி கிரீன்பெர்க் என்னும் தனிக்கலைஞர் வழக்குத் தொடுத்தார். 2001-இல் மேல்முறையீட்டு மன்றம் அவர் பக்கம் நின்றது; 2008-இல் அதே மன்றத்தின் முழு அமர்வு நிறுவனத்தின் பக்கம் சாய்ந்தது.

காப்பாவும் தோழர்களும் தாமே கதவைத் திறந்து வெளியேறியவர்கள். பின்வந்தோர் வெளியே தள்ளப்பட்டவர்கள். இருவரையும் ஒரே பெயரால் அழைப்பது பொருந்துமா என்பது ஐயத்திற்குரியது. 2013 மே 30 அன்று 'சிகாகோ சன்-டைம்ஸ்' தன் முழுநேரப் புகைப்படக் கலைஞர் 28 பேரையும் ஒரே நாளில் நீக்கியது. 1982-இல் புலிட்சர் பரிசு பெற்ற ஜான் ஒயிட்டும் அவருள் ஒருவர். செய்தியாளர்க்கு ஐஃபோனில் படமெடுக்கப் பயிற்சி தரப்பட்டது. எஞ்சிய தேவைக்குத் தனிக்கலைஞர்கள் அழைக்கப்பட்டனர். நீக்கப்பட்டோருள் நால்வர் மட்டும் பின்னர் மீண்டும் பணியில் அமர்த்தப்பட்டனர்.