எலி மருந்தும் அம்மாவின் மாத்திரையும்

இன்றைய எபிசோட் எங்க அம்மாவோட மாத்திரை டப்பாவிலிருந்து தொடங்குது. அம்மாவுக்கு இதயத்தில் உலோக வால்வு வைத்து ஆறு வருஷம் ஆகிறது. அதன் மேல் ரத்தம் உறைந்துவிடக் கூடாது என்பதற்காகத் தினமும் ராத்திரி வார்ஃபரின் சாப்பிடுறாங்க. "இது முதல்ல எலி மருந்தா வித்தது, தெரியுமா?" என்று ஒருநாள் உளறிவிட்டேன். மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா பார்த்த பார்வை இருக்கே!

சரி, கதைக்கு வருவோம். 1933 பிப்ரவரி, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம். எட் கார்ல்சன் என்ற விவசாயி பனிப்புயலில் 300 கிலோமீட்டர் வண்டி ஓட்டி, மேடிசன் பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க் என்ற வேதியியலாளரின் ஆய்வகத்துக்கு வந்தார். வண்டியில் செத்த கிடேரி ஒன்று, ஒரு பால் கேன் நிறைய உறையாத ரத்தம், பூஞ்சை பிடித்த க்ளோவர் தீவனம். மாடுகள் ரத்தம் கசிந்தே செத்துக்கொண்டிருந்தன. "அந்தத் தீவனத்தைப் போடாதீங்க" என்பதைத் தவிர லிங்கால் அன்றைக்குப் பெரிதாக எதுவும் சொல்ல முடியவில்லை. பாவம், அந்த மனுஷன் அதே பனியில் திரும்பிப் போனார்.

ஆனால் லிங்க் அதை விடவில்லை. ஆறு வருஷம் கழித்து, 1939இல், தீவனத்திலிருந்த டைக்கூமரால் என்ற பொருளை அவர் குழு பிரித்தெடுத்தது. அதை மாற்றி உருவாக்கிய வார்ஃபரின், 1948இல் எலி மருந்தாகக் கடைக்கு வந்தது. 1951இல் உயிரை விட நினைத்து அதை நிறையச் சாப்பிட்ட ஓர் இளம் ராணுவ வீரரை, வைட்டமின் கே கொடுத்துக் காப்பாற்றினார்கள். மாற்று மருந்து இருக்கிறது என்றதும் டாக்டர்களுக்குத் தைரியம் வந்தது. 1954இல் மனிதர்களுக்கு அனுமதி. அடுத்த வருஷமே மாரடைப்பு வந்த அதிபர் ஐசன்ஹோவருக்கும் கொடுத்தார்கள்.

இது ரத்தத்தைத் தண்ணி மாதிரி ஆக்கிடும்னு பலர் நினைக்கிறாங்க. அப்படி இல்லை. ரத்தம் உறையத் தேவையான சில புரதங்களைக் கல்லீரல் தயாரிக்க வைட்டமின் கே வேண்டும். பயன்படுத்திய வைட்டமினை உடம்பு புதுப்பித்து மறுபடி உபயோகிக்கும். அந்தப் புதுப்பிப்பைத்தான் வார்ஃபரின் தடுக்கிறது. ஏற்கெனவே ரத்தத்தில் இருக்கும் புரதங்கள் தீரணும் இல்லையா, அதனால் முழுப் பலன் தெரியச் சில நாள் ஆகும்.

வைட்டமின் கே கீரையில் நிறைய இருக்கு. யாரோ சொன்னாங்கன்னு அம்மா கீரையை அடியோடு நிறுத்திட்டாங்க. மாத்திரை அளவு அதேதான். பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம். டெஸ்ட் எடுத்தால், 3 பக்கத்தில் இருக்க வேண்டிய ஐ.என்.ஆர். 5ஐத் தாண்டியிருந்தது. நான் நடுங்கிப் போனேன். டாக்டர் மாத்திரையைச் சரிபண்ணிவிட்டுச் சொன்னார்: "கீரை சாப்பிடுங்கம்மா. ஆனா வாரா வாரம் ஒரே அளவு. அப்புறம், என்னைக் கேட்காம வலி மாத்திரை எதுவும் போடாதீங்க."

இப்போ எங்க வீட்டு காலண்டரில் செவ்வாயும் வெள்ளியும் 'முருங்கைக்கீரை' என்று எழுதியிருக்கு. போன மாசம் ஐ.என்.ஆர். 2.8.