படுக்கை நனைந்தால் என்ன செய்வது?



குடும்ப நலம் என்றாலே பிள்ளைப்பேறு, லூப், ஆபரேஷன் என்றுதான் பலரும் நினைக்கிறீர்கள். சுவரெல்லாம் சிவப்பு முக்கோணம் வரைந்து "நாம் இருவர், நமக்கு இருவர்" என்று எழுதிய காலத்தில், அதைக் கேட்டு நடந்த காரமடை வட்டாரத்துத் தம்பதிகளுக்கு இன்று எழுபது, எண்பது வயது. அவர்களில் சிலர் கட்டிலிலேயே கிடக்கிறார்கள். சிறுநீர் போவது அவர்களுக்கே தெரிவதில்லை. முன்பு ஐந்தாறு பிள்ளைகள் பங்கு போட்டுப் பார்த்த வேலை இது. இப்போது ஒரு மகன், ஒரு மருமகள். மகன் விடிந்தால் கோயமுத்தூருக்கு பஸ் ஏறுகிறார். மருமகள் கறிவேப்பிலைத் தோட்டத்து வேலைக்குப் போகிறார். ஆகவே இதுவும் குடும்ப நலப் பேச்சுத்தான். கூச்சப்படாமல் பேசுவோம்.

விரிப்பு வாங்குவதற்கு முன் ஒரு விஷயம். "வயசாயிருச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். நேற்று வரை நன்றாக இருந்தவர் திடீரென்று படுக்கையை நனைத்தால், நீர்ப்பாதையில் கிருமி இருக்கலாம், மலச்சிக்கல் இருக்கலாம், சர்க்கரை ஏறியிருக்கலாம், புதிதாகக் கொடுத்த நீர் மாத்திரையாக இருக்கலாம். ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கம் இருக்கலாம். நீர் சரியாகப் பிரியாமல் சொட்டுச் சொட்டாக வடிந்து, அடிவயிறு உப்பி வலித்தால் அன்றைக்கே மேட்டுப்பாளையம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். இதில் பல காரணங்கள் மருந்தால் தீரக்கூடியவை.

நனைந்துவிடும் என்று பயந்து பெரியவர்கள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவதும் உண்டு. வீட்டாரும் "கொஞ்சமாக் குடிங்க" என்கிறார்கள். இது கெடுதல். குடிப்பது குறைந்தால் சிறுநீர் கெட்டியாகி எரியும், மலம் இறுகும், நனைவது இன்னும் கூடும். டாக்டர் அளவு சொல்லியிருந்தால் ஒழிய, பகலில் ஆறேழு டம்ளர் கொடுங்கள். சாயங்காலத்துக்கு மேல் காப்பி, டீயை மட்டும் குறையுங்கள். இரண்டு, மூன்று மணிக்கு ஒருமுறை நீங்களாகவே கேட்டு, பாத்திரம் வைத்தால் பாதி விரிப்பு மிச்சம்.

இனி விரிப்புக்கு வருவோம். மருந்துக்கடையில் "அண்டர்பேட்" என்று கேட்டால் கொடுப்பார்கள். மேலே துணி போன்ற மெல்லிய தாள், நடுவில் மரக்கூழ்ப் பஞ்சு, அடியில் பிளாஸ்டிக் தாள். நல்ல ரகத்தில் பஞ்சோடு ஒரு பொடியும் கலந்திருக்கும். ஈரத்தைக் குடித்துக் கூழாக மாற்றிப் பிடித்து வைப்பது அந்தப் பொடிதான். 60-க்கு 90 செ.மீ., அதாவது இரண்டடிக்கு மூன்றடி அளவு பெரும்பாலோருக்குப் போதும்.

முதலில் ஒரே ஒரு கட்டு வாங்கிச் சோதித்துப் பாருங்கள். வெறும் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் ஏமாந்து போவீர்கள். அந்தப் பொடி வெறும் தண்ணீரை ஏகமாகக் குடிக்கும். உப்பு கலந்தால் அதில் சிறு பங்குதான் குடிக்கும். சிறுநீரில் உப்பு உண்டல்லவா? அரை லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பைக் கரைத்து, ஒரு பெரிய டம்ளர் அளவு நடுவில் ஊற்றுங்கள். ஐந்து நிமிஷம் கழித்து உலர்ந்த வேட்டி முனையை வைத்து அழுத்துங்கள். வேட்டி சொட்டச் சொட்ட நனைந்தால் அந்த ரகம் வேண்டாம்.

விலையையும் கணக்குப் போடுங்கள். நாளைக்கு நாலு என்றால் மாதத்துக்கு 120. கட்டுப்படியாகாவிட்டால் பகலில் ரப்பர் ஷீட் மேல் பழைய பருத்தி வேட்டியை நாலாக மடித்துப் போட்டு, ராத்திரிக்கு மட்டும் இதை வையுங்கள். துணியைக் கொதிக்க வைத்து, துவைத்து, வெயிலில் காயப் போட்டால் அதில் ஒரு குறையும் இல்லை.

பஞ்சுப் பக்கம் மேலே, பிளாஸ்டிக் பக்கம் கீழே. சிரிக்காதீங்க, வழுவழுப்பாக இருக்கிறதென்று நீலப் பக்கத்தை மேலே போடுகிறவர்களும் உண்டு. இடுப்பிலிருந்து நடுத்தொடை வரை வரும்படி குறுக்கே விரியுங்கள். மாற்றும்போது பெரியவரை ஒருக்களிக்க வைத்து, பழையதை ஈரம் உள்ளே போகும்படி முதுகு வரை சுருட்டி, அதையொட்டிப் புதியதைப் பாதி சுருட்டி வைத்து, மறுபக்கம் திருப்பி இழுத்துவிட வேண்டும். இரண்டு பேர் செய்தால் ஐந்து நிமிஷ வேலை. ஒருவரே செய்தால் அவருக்கு இடுப்பு போய்விடும்.

இதைப் பொம்பளைங்க வேலை என்று ஆண்கள் ஒதுங்குவது சரியல்ல. மாமனாருக்கு மருமகள் துடைத்துவிடுவது இரண்டு பேருக்கும் சங்கடம். அந்தச் சங்கடத்தில்தான் சில பெரியவர்கள் நனைந்ததைச் சொல்லாமல் விடிய விடியக் கிடக்கிறார்கள். அப்பாவுக்கு மகன் செய்யட்டும்: வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்தபின் ஒரு தடவை, படுக்குமுன் ஒரு தடவை.

விரிப்பு காப்பாற்றுவது மெத்தையைத்தான். தோலை நீங்கள்தான் பார்க்க வேண்டும். நனைந்த தோல் ஊறிப்போய், அழுத்தமும் சேர்ந்தால் புண்ணாகும். இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள். வெறும் தண்ணீரில் துடைத்து, தேய்க்காமல் ஒற்றி உலர்த்துங்கள். பவுடர் கொட்டாதீர்கள், ஈரத்தில் கட்டிப் பிடித்து உறுத்தும். தினமும் வால் எலும்பு, இடுப்பு, குதிகால் மூன்றையும் பாருங்கள். நம் நிறத்துக்குச் சிவப்பு தெரியாமல் போகலாம். கருத்தோ, தொட்டால் சூடாகவோ, கெட்டியாகவோ இருந்தால் அது புண்ணுக்கு ஆரம்பம். அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள். அந்தப் பக்கம் படுக்கவும் வைக்காதீர்கள்.

பயன்படுத்திய விரிப்பைக் கக்கூஸில் போட்டால் அடைத்துக்கொள்ளும். எரித்தால் நச்சுப் புகை. பள்ளத்தில் வீசினால் மாடு தின்னும், மழையில் பவானிக்குப் போகும். மலத்தை மட்டும் கக்கூஸில் தட்டிவிட்டு, விரிப்பைச் சுருட்டிக் காகிதத்தில் பொதிந்து, மற்றக் குப்பையோடு சேராமல் தனியாகத் தூய்மைக் காவலரிடம் கொடுங்கள். இப்படிப் பொதிந்து கொடுக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளே சொல்லின. அவர் கையால் எடுக்கிறவர், ஞாபகம் இருக்கட்டும். வண்டி வராத தோட்டத்துச் சாளையில் இருப்பவர்கள் மூடிய வாளியில் சேர்த்து, ஊருக்குள் வரும்போது கொடுத்துவிடலாம்.

2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் கிடப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்பதும் சேர்க்கப்பட்டது. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லி வையுங்கள். பிள்ளை பெற்றபின் இருமினால், தும்மினால் நீர் கசிகிற இளம் தாய்மார்களும் அவரிடமே சொல்லலாம். அதற்கு விரிப்பு வேண்டாம், பயிற்சி இருக்கிறது.