பூட்டிய அரங்கின் பெயரில் ஒரு டிக்கெட்



2020 மார்ச் மாதத் தொடக்கத்தில் நியூயார்க்கில் ஒரு பிரேசில் படம் வெளியானது. பெயர் ‘பாக்குராவ்’. கிளெபர் மென்டொன்சா ஃபிலியோவும் ஜூலியானோ டோர்னெல்லெஸும் சேர்ந்து இயக்கிய படம். முந்தைய ஆண்டு கான் விழாவில் நடுவர் குழுப் பரிசைப் பகிர்ந்துகொண்டது. ஓட ஆரம்பித்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, கொரோனா வந்து அரங்குகளுக்கெல்லாம் பூட்டுப் போட்டுவிட்டது.

அதன் விநியோகஸ்தரான கீனோ லோர்பர் நிறுவனம் அந்த மாதமே ஒரு ஏற்பாடு செய்தது. அதற்கு ‘கீனோ மார்க்கீ’ என்று பெயர் வைத்தார்கள். அமெரிக்க ஊர்களில் ஒரு திரை, இரண்டு திரை வைத்துக்கொண்டு, உறுப்பினர் சந்தாவிலும் நன்கொடையிலும் காலம் தள்ளும் சின்ன அரங்குகள் நிறைய உண்டு. லாபம் பார்க்க நடத்துபவை அல்ல. ஊர்க்காரர்களே குழு அமைத்து நடத்துபவையும் உண்டு. அப்படிப்பட்ட அரங்குகளுக்குக் கைகொடுக்கத்தான் இந்த ஏற்பாடு. ரசிகர் தன் ஊர் அரங்கின் இணையப் பக்கத்துக்குப் போய் 12 டாலர் கட்டினார், படம் வீட்டுக்கே வந்தது. சில நாட்களுக்குள் பார்த்து முடித்துவிட வேண்டியிருந்தது. படத்தை அனுப்பியது விநியோகஸ்தரின் கணினி. அரங்குக்கு அதில் செலவு இருக்கவில்லை. ஆனாலும் வசூலில் அரங்குக்குப் பங்கு கிடைத்தது. கதவு பூட்டியிருந்தது, ஆனால் அந்த அரங்கின் பெயரில் டிக்கெட் விற்றது.

இந்த ஏற்பாட்டின் முதல் படமாக ‘பாக்குராவ்’ அமைந்தது தற்செயல்தான், ஆனாலும் எனக்கு அதில் ஒரு சுவை உண்டு. பிரேசிலின் வடகிழக்கு வறண்ட நிலத்தில் ஒரு கிராமம். தொண்ணூறு வயது தாண்டிய பாட்டி ஒருத்தியின் சாவுக்கு ஊரே கூடுகிறது. சில நாள் கழித்து, பள்ளிக்கூட வாத்தியார் பிள்ளைகளுக்கு இணைய வரைபடத்தில் தங்கள் ஊரைக் காட்டப் பார்க்கிறார். ஊரைக் காணோம்! பெரிதாக்கிப் பார்க்கிறார், தள்ளிப் பார்க்கிறார், இல்லவே இல்லை. தண்ணீர் லாரி வருகிறது, தொட்டியில் துப்பாக்கிக் குண்டுத் துளைகள். கைப்பேசியில் சிக்னல் செத்துப்போகிறது. வெளிநாட்டிலிருந்து மனித வேட்டைக்கு ஆட்கள் வந்திருக்கிறார்கள். இணையத்திலிருந்து ஓர் ஊரைத் துடைத்தெறியும் கதை, பூட்டிக் கிடந்த ஊர் அரங்குகளுக்காக இணையத்திலேயே ஓடியது.

அதே வழியில் வந்த இன்னொரு படம் கென் லோச்சின் ‘சாரி வி மிஸ்ட் யூ’. நியூகாசிலில் பார்சல் வண்டி ஓட்டும் ரிக்கியின் கதை. அவன் கையில் ஒரு கருவி இருக்கும். வண்டியை விட்டு இறங்கி இரண்டு நிமிடம் தாண்டினால் கீச்சிடும். ஊரடங்கில் வாசல் மணிக்குக் காத்துக்கொண்டு, பார்சல் கொண்டுவருபவர் முகத்தையே பார்க்காமல் வாங்கி வைத்தவர்கள் இந்தப் படத்தை வீட்டுக் கூடத்தில் பார்த்தார்கள். அரங்கில் பார்த்திருந்தால் இவ்வளவு உறைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

சரி, இந்த முறையைக் கலை ரசனை என்ற கணக்கில் எப்படி எடைபோடுவது? என் மதிப்பில் இதன் பெரிய பலம் தேர்வு. காசு கட்டிச் சேரும் பெரிய தளங்களில் ஆயிரக்கணக்கான படங்கள் குவிந்து கிடக்கின்றன. எதைப் பார்ப்பது என்று தேடியே இரவு போய்விடுகிறது. ஊர் அரங்கு ‘இந்த வாரம் இது’ என்று நான்கைந்து படங்களை எடுத்து வைத்தது, ஏன் எடுத்தோம் என்று ஒரு பத்தி எழுதியது. அங்கே படம் தேர்ந்தெடுக்கும் ஆளின் ரசனை ஊர்க்காரர்களுக்குத் தெரியும். போன முறை அவர் சொல்லிப் பார்த்த படம் நன்றாக இருந்தது, அல்லது எரிச்சலூட்டியது. எரிச்சலூட்டியதும் ஒரு உறவுதான்.

பலவீனமும் அதே இடத்தில் இருக்கிறது. ஒரே படத்தை ஏராளமான அரங்குகள் ஒரே வாரத்தில் போட்டன. தன் ஊர் அரங்கு பிழைக்கட்டும் என்றே பலர் டிக்கெட் வாங்கினார்கள். நல்ல மனசுதான், மறுக்கவில்லை. ஆனால் நன்கொடையாக வாங்கிய டிக்கெட்டுக்குப் படம் வெறும் ரசீதாகிவிடும் ஆபத்து உண்டு. இயக்குநரை நேரலையில் அழைத்துப் பேசவைத்து, பார்வையாளர்களைக் கேள்வி கேட்கவிட்ட அரங்குகள்தான் இந்த முறைக்கு உயிர் கொடுத்தன என்பேன். அரங்குக் கதவுகள் திறந்த பிறகு இதன் வேகம் குறைந்துபோனதில் வியப்பில்லை.

நம் படங்களுக்கும் அந்த ஊரடங்குக் கால இணையத் திரையிடலில் பங்கு உண்டு. அருண் கார்த்திக் இயக்கிய ‘நசீர்’ கோயம்புத்தூர்ப் படம். எழுத்தாளர் திலீப்குமாரின் சிறுகதையிலிருந்து எடுத்தது. 2020 ஜனவரியில் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் நெட்பாக் விருது பெற்றது. அந்த ஜூனில், பல விழாக்கள் சேர்ந்து யூடியூபில் நடத்திய ‘வி ஆர் ஒன்’ இணைய விழாவில், மும்பை மாமி விழாவின் தேர்வாக இலவசமாகக் காட்டப்பட்டது. ஜவுளிக்கடை விற்பனையாளர் நசீரின் ஒரு நாள். அந்தப் படத்தில் கண்ணைவிடக் காதுக்கு வேலை அதிகம். தெருவில் ஒலிபெருக்கி வெறுப்புப் பேச்சைக் கொட்டிக்கொண்டிருக்கும், நசீர் தன்பாட்டுக்குச் சேலை மடித்துக்கொண்டிருப்பார். தூரத்தில் கேட்கும் அந்தக் குரல் மெல்ல மெல்ல நெருங்குவதுதான் படம். கைப்பேசியின் குட்டி ஒலிபெருக்கியில் கேட்டால் அது வெறும் தெருச் சத்தம். காதில் நல்ல ஹெட்போன் மாட்டி, விளக்கை அணைத்துப் பார்த்தால் வேறு படம்.

பி. எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’லுக்கு எதிர்த்திசையில் சிக்கல். 2021 பிப்ரவரியில் இணையத்தில் நடந்த ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கிய படம். குடிகார அப்பாவும் பையன் வேலுவும் மதுரைப் பக்கத்துப் பொட்டல் வெளியில் நடக்கிறார்கள். தாகத்துக்குக் கூழாங்கல்லை வாயில் அடக்கிக்கொள்கிறான் பையன். அகலச் சட்டகத்தில் வெயில் முழுத் திரையையும் நிரப்ப, மனிதர்கள் ஒரு மூலையில் நகர்வார்கள். கைப்பேசியின் ஆறு அங்குலக் கண்ணாடியில் அந்த வெயிலுக்கு இடமில்லை, மனிதர்கள் எறும்பாகிவிடுகிறார்கள். நெதர்லாந்துக்காரர் வீட்டில் உட்கார்ந்து பார்த்த அந்தப் படம், சோனி லிவ் தளம் வழியாக நம் வீடுகளுக்கு வந்தபோது 2023 அக்டோபர். இரண்டரை வருடத்துக்கும் மேல்! இங்கே திரைப்படச் சங்கங்கள் இருக்கின்றன, எழுத்தாளர், கலைஞர் அமைப்பான தமுஎகச ஊர் ஊராகத் திரைப்பட விழாக்கள் நடத்துகிறது. ஆனால் ஒரு புதுப் படத்தைத் தன் ஊர்ச் சங்கத்தின் பெயரில், காசு கொடுத்து, வீட்டில் பார்க்கும் வழி நமக்கு இல்லை.

கேரளத்தில் ஒரு முயற்சி நடக்கிறது. மாநில அரசு 2024 மார்ச்சில் ‘சி ஸ்பேஸ்’ என்ற இணையத் திரையைத் தொடங்கியது. மாதச் சந்தா கிடையாது. தொடங்கியபோது ஒரு முழுநீளப் படத்துக்கு 75 ரூபாய், அதில் பாதி படம் எடுத்தவருக்கு. பார்ப்பவரின் காசு நேரே படத்துக்குப் போவது அந்த மண்ணில் புதிதும் அல்ல. நமக்கு ‘அக்ரஹாரத்தில் கழுதை’ எடுத்துத் தந்த ஜான் ஆபிரகாம், ஒடேசா குழுவோடு ஊர் ஊராகச் சாப்ளின் படம் போட்டுக் காட்டி, மக்களிடம் காசு திரட்டி 1986-இல் ‘அம்ம அறியான்’ எடுத்தார். அந்தப் படத்தை அதே மக்களின் ஊர்களுக்கே கொண்டுபோய்க் காட்டினார்கள்.

சி ஸ்பேஸில் எனக்கு ஒரு குறை உண்டு. அங்கே டிக்கெட்டில் ஊர்ப் பெயர் இல்லை. ஒரு நிபுணர் குழு தேர்ந்தெடுக்கிறது, மாநிலம் முழுவதும் அதையே பார்க்கிறது. 1965-இல் அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் சித்ரலேகா என்ற திரைப்படச் சங்கத்தைத் தொடங்கிய நாளிலிருந்து அத்தகைய சங்கங்கள் பெருகிய மாநிலம் அது. அந்தந்த ஊர்ச் சங்கம் தன் வாரத்துப் படத்தைச் சொல்லட்டும், அதன் வழியாக வாங்கும் ஒவ்வொரு டிக்கெட்டிலும் பத்து ரூபாய் சங்கத்துக்குப் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை ஏதாவதொரு வாசகசாலையில் நாற்காலி போட்டு அந்தப் படத்தைப் பற்றிச் சண்டை போட, டீச்செலவுக்கு அது போதும். தமிழ்நாட்டில் யாராவது இதைத் தொடங்குவதானால், அந்தப் பத்து ரூபாயிலிருந்து தொடங்கச் சொல்வேன்.