நம் வரிப்பணத்தில் நமக்கு நடைபாதை எங்கே?

(உத்திரமேரூர் தெருமுனைக் கூட்டத்தில், விவசாயத் தொழிலாளர்கள், ஆலைத் தொழிலாளர்கள் முன்னிலையில் ஆற்றிய உரை)



இந்தக் கூட்டத்துக்குக் காரில் வந்தவர் யாராவது உண்டா? இல்லை. நடந்து வந்தோம், அல்லது பஸ்ஸில் வந்து இறங்கி, மீதித் தூரத்தை நடந்து கடந்தோம். நடவுக்குப் போகும் பெண் விடியுமுன் நடக்கிறாள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்குப் போகும் இளைஞன் ஷிப்டு பஸ்ஸைப் பிடிக்க இருட்டில் நடக்கிறான். நடப்பது நமக்குப் பொழுதுபோக்கல்ல, பிழைப்பு.

அந்தப் பிழைப்பில் உயிரும் போகிறது. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 32,825 பாதசாரிகள் மாண்டார்கள் என்று மத்திய சர்க்காரின் கணக்கே சொல்கிறது. நாளொன்றுக்குச் சுமார் 90 பேர்! ‘விதி’ என்று சொல்லி விட்டுவிடலாமா? நடக்க இடமில்லாமல் லாரி ஓடும் தாரில் இறங்கி நடந்தால், அது விதியா? இடம் ஒதுக்காதவர்களின் குற்றமா?

பணமில்லை என்பார்கள். பணம் எங்கே போயிற்று என்று பார்ப்போம்.

கடற்கரைப் பட்டணமான சென்னையில், தியாகராய நகர் பாண்டி பஜாரில், 2019 நவம்பரில் அகலமான நடைபாதை வளாகத்தைத் திறந்தார்கள். செலவு சுமார் 40 கோடி ரூபாய். நல்ல காரியம்தான். குழந்தை குட்டியோடு ஜனங்கள் பயமின்றி நடக்கிறார்கள். ஏன் செய்தீர்கள் என்று நாம் கேட்கவில்லை. மனமிருந்தால் நடைபாதை போட முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

ஆனால் அந்தப் பணம் வந்த வழியைப் பாருங்கள். 2015இல் தொடங்கிய ‘ஸ்மார்ட் சிட்டி’ திட்டத்தில், பொறுக்கி எடுத்த 100 நகரங்களுக்கு மட்டுமே பங்கு. சிறிய பேரூராட்சிகளுக்கு அதில் இடமில்லை. பணத்தைச் செலவிட்டதும் மாநகராட்சி மன்றமல்ல, அதற்கென்று அமைத்த தனிக் கம்பெனி. மன்றத்தில் கேள்வி கேட்டிருக்கலாமே என்பீர்கள். 2016 அக்டோபரில் பழைய மன்றத்தின் காலம் முடிந்தது; 2022 பிப்ரவரி வரை தேர்தலே நடக்கவில்லை. அந்த 40 கோடிக்கு வேலை நடந்தபோது, கணக்குக் கேட்கச் சென்னையில் ஒரு கவுன்சிலர்கூட இல்லை!

நடைபாதையில் கடை போட்டுப் பிழைத்தவர்களை 2013இலேயே அதே சாலையில் ஒரு கட்டிடத்துக்குள் அனுப்பிவிட்டார்கள். வியாபாரம் படுத்துவிட்டது என்று அவர்கள் முறையிட்டார்கள். 2014இல் தெரு வியாபாரிகள் சட்டம் வந்தது. நகர விற்பனைக் குழுவில் 40 சதவிகிதம் தெரு வியாபாரிகளே இருக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். நடப்பவனுக்கும் கூடைக்காரிக்கும் சண்டை மூட்டிவிட நாம் இடம் கொடுக்கக் கூடாது. நாம் நடப்பதே அவளிடம் கீரையும் மீனும் வாங்கத்தானே!

எல்லாவற்றுக்கும் கோடி கோடியாகச் செலவு வேண்டியதில்லை. புதுச்சேரியில் கடற்கரைச் சாலையை மாலை 6 மணி முதல் காலை 7.30 மணி வரை வாகனங்களுக்கு மூடிவிடுகிறார்கள். சாலைக்குக் குறுக்கே தடுப்பு வைக்க எத்தனை கோடி வேண்டும்?

தோழர்களே! கணக்குக் கேட்பது நம் ஊருக்குப் புதிதா? இதோ, வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டியது. 30 குடும்புகளிலிருந்து குடவோலை மூலம் ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி வரக் கூடாது. அவனுடைய உறவினரும் வரக் கூடாது என்று கல்லிலே எழுதிவைத்தார்கள்.

அதே கல்லில் இன்னொன்றும் இருக்கிறது. குடவோலையில் பெயர் இட வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் கற்றிருக்க வேண்டும். வயலில் உழுதவனுக்கு அதில் இடமேது? பெரியவர்கள் இந்தக் கல்வெட்டைப் புகழும்போது இந்தப் பகுதியை விழுங்கிவிடுகிறார்கள். இன்று நிலமில்லாதவனுக்கும் ஓட்டு உண்டு, பெண்ணுக்கும் உண்டு. அந்தக் காலத்தில் நிலக்காரன் கேட்ட கணக்கை இந்தக் காலத்தில் கூலிக்காரன் கேட்க வேண்டும்.

நாமும் வரி கட்டுகிறோம். 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டு நகரங்களிலும் பேரூர்களிலும் சொத்து வரியை உயர்த்தினார்கள். 600 சதுர அடிக்கு உட்பட்ட சின்ன வீட்டுக்கும் 25 சதவிகித உயர்வு! வாடகைக்கு இருப்பவனும் வாடகை வழியாக அதைத் தருகிறான். அந்தப் பணத்தில் எத்தனை அடி நடைபாதை வந்தது?

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. நடைபாதை மக்களின் வாழ்வுரிமையில் சேர்ந்தது என்று 2025 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது. ஆகவே நம் கோரிக்கைகள் நான்கு:

1. பஸ் நிலையம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சந்தை போகும் வழிகளில் முதலில் நடைபாதை போட வேண்டும். இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி சுமார் ஆறடி அகலம் தடையின்றி இருக்க வேண்டும். உயரம் அரையடியைத் தாண்டக் கூடாது. கிழவிகள் ஏறி இறங்க வேண்டாமா?

2. சாலைப் பணத்தில் நடப்பவர்களுக்கென்று ஒரு பங்கை எழுதி வைக்க வேண்டும். சென்னை மாநகராட்சி 2014இல் ஏற்ற கொள்கை, போக்குவரத்துப் பணத்தில் குறைந்தது 60 சதவிகிதம் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் என்றது. பட்டணத்துக்கு ஒப்புக்கொண்ட நியாயம் பேரூருக்கு ஆகாதா?

3. பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறையைச் சேர்ந்தவை என்று பேரூராட்சி கை விரிக்கக் கூடாது. தீர்மானம் போட்டுத் துறையிடம் வாதாட வேண்டும்.

4. கூடைக்காரர்களுக்கு இடம் குறித்துக் கொடுத்த பிறகே வேலை தொடங்க வேண்டும். செலவுக் கணக்கைப் பஸ் நிலையத்திலேயே எழுதி ஒட்ட வேண்டும்.

நாளையே ஒரு வேலை செய்யுங்கள். கையில் ஒரு முழக்கயிறு எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீதியிலிருந்து பஸ் நிலையம் வரை நடக்க எத்தனை முழம் இடம் இருக்கிறது, எங்கே சாக்கடை மூடியில்லை, எங்கே விளக்கு எரியவில்லை என்று அளந்து எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். அந்தக் காகிதத்தில் கையெழுத்தும் கைநாட்டும் சேரட்டும். எல்லோரும் ஒன்றாக நடந்து போய்ப் பேரூராட்சி ஆபீசில் கொடுப்போம். பதில் வரும்வரை திரும்பத் திரும்ப நடப்போம்.