திரும்பும் வழியும் திறந்திருக்கட்டும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இம்மேடையில் இலக்கியம் பேச அறிஞர் பலர் வந்துள்ளனர். ரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதிப் பழகிய எங்கள் கைக்கு அத்தகுதி இல்லை. பள்ளியிறுதி வகுப்போடு படிப்பு நின்றவர்கள் நாங்கள். ஆதலால் கண்ணால் கண்ட ஒரு செய்தியை மட்டும் சொல்ல விழைகின்றோம். இது நண்பர் மூவர் கூடிச் செய்த காரியம். ஆகவே 'நாங்கள்' என்றே பேசுகின்றோம்.

நம் காலனியில் ஒரு நண்பர் இருக்கின்றார். பெயர் வேண்டா. இளமையில் அவர் புல்லட் மோட்டார் சைக்கிளில் செல்வதைக் கண்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். ஒரு மழைக்கால மாலையில், சாலைத் திருப்பத்தில் கொட்டிக் கிடந்த மணலில் வண்டி சறுக்கியது. வலக்கால் எலும்பு முறிந்தது. ஆறு திங்களில் கால் தேறிற்று. மனம் தேறவில்லை. வண்டியை விற்றுவிட்டார். அதன் பின் பன்னிரண்டு ஆண்டுகள் பேருந்தும் நடையுமாகக் கழிந்தன. ஆயினும் தெருவில் ஒரு புல்லட்டின் ஒலி கேட்டால், படிக்கின்ற செய்தித்தாளைத் தாழ்த்தி வாயிலைப் பார்ப்பார். அப்பார்வையை நாங்கள் பலமுறை கண்டதுண்டு.

ஐம்பத்திரண்டாம் வயதில் ஒருநாள் அவரே கேட்டார்: "மோட்டார் சைக்கிளில் கன்னியாகுமரி வரை ஒருமுறை போக முடியுமா?" அருகிலிருந்த அவருடைய துணைவியார் எங்களை நோக்கி வேறொரு கேள்வி கேட்டார்: "அழைத்துப் போவீர்கள் அண்ணா; அப்படியே திருப்பிக் கொண்டுவந்து விடுவீர்களா?"

அன்பர்களே! அந்த அம்மையாரின் அச்சம் வெற்றச்சம் அன்று. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் உயிர் நீத்தோர் 1,68,491 பேர். அவர்களுள் நூற்றுக்கு நாற்பத்து நால்வர்க்கு மேல் இருசக்கர வண்டிகளில் சென்றவர்கள். இக்கணக்கை அறிந்த பின்னும் ஒருவரை மீண்டும் வண்டியில் ஏற்றுவது சரியா என்ற கேள்வி எங்கள் உள்ளத்திலும் எழுந்தது.

நட்பைப் பற்றி வள்ளுவப் பெருந்தகை ஓர் அதிகாரத்தோடு அமையவில்லை. நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீநட்பு, கூடாநட்பு என ஐந்து அதிகாரங்கள் வகுத்தார். அஞ்சுகின்றவனை எள்ளி நகையாடி, "இதற்குப் போயா பயம்?" என்று தள்ளிவிடுபவன் நல்ல நண்பனல்லன். "உனக்கேன் இந்த வயதில் இவ்வேலை?" என்று கதவை அடைத்துவிடுபவனும் முழு நண்பனல்லன். இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வழி உண்டா என்று தேடினோம். அதைத்தான் இன்று சொல்ல வந்தோம்.

வயது தடையன்று என்பதற்கு உலகம் அறிந்த சான்று ஒன்றுண்டு. டெட் சைமன் என்னும் ஆங்கிலப் பத்திரிகையாளர் 1973ஆம் ஆண்டு இலண்டனிலிருந்து 500 சிசி டிரையம்ப் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டார். நான்கு ஆண்டுகள் உலகைச் சுற்றினார். நம் இந்தியாவுக்கும் வந்தார். பின்னர் 2001ஆம் ஆண்டில், தம் அறுபத்தொன்பதாம் வயதில், அதே உலகப் பயணத்தை மீண்டும் மேற்கொண்டார். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டாம் முறை அவர் பழைய டிரையம்ப் வண்டியை நாடவில்லை, பி.எம்.டபிள்யூ. வண்டியொன்றைக் கொண்டார். மீண்டும் தொடங்குகின்றவன் பழைய இளைஞனாக மாற முயலக் கூடாது. இன்றைய தன் உடம்போடும் இன்றைய வண்டியோடும் தொடங்க வேண்டும். இது நாங்கள் பெற்ற முதற்பாடம்.

அடுத்தது சட்டம். நண்பரின் ஓட்டுநர் உரிமம் காலாவதியாகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, காலாவதியாகி ஓராண்டு கடந்துவிட்டால் மீண்டும் ஓட்டிக் காட்டித் தேர்வு பெற வேண்டும். மருத்துவச் சான்றும் வேண்டும். பதினெட்டு வயதுப் பிள்ளைகளின் வரிசையில் எங்கள் நண்பரும் நின்றார். எட்டு என்ற எண்ணின் வடிவில் வண்டியை வளைத்துக் காட்டி வென்றார். அன்று மாலை அவர் வீட்டில் கேசரி கிண்டினார்கள்.

மூன்றாவது, பழக்கம் என்னும் பகை. அக்காலத்துப் புல்லட்டில் கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். இக்காலத்து வண்டிகளில் இது தலைகீழ். கியர் இடக்காலில், பிரேக் வலக்காலில். நண்பர் வாங்கிய பழைய வண்டி இப்புது முறையினது. ஆபத்து நேரத்தில் மனிதனின் கால் சிந்திப்பதில்லை; பழகியதையே செய்யும். பிரேக் என்று எண்ணிக் கியரை மிதித்தால் என்னாகும்? மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடிவிடும். ஒன்றரை வினாடி தடுமாறினால் 25 மீட்டர் போயிற்று! ஆதலால் ஆறு ஞாயிற்றுக்கிழமைகள், விடியற்காலையில், ஆளில்லாத திடலில் நிற்பதும் புறப்படுவதுமாகவே பயிற்சி நடந்தது. பார்ப்பவர்க்கு விளையாட்டாகத் தோன்றும். எங்களுக்கோ அதுவே அடித்தளம்.

வண்டியையும் சோதித்தோம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் உண்டு. முன்னிரண்டும் அது செய்யப்பட்ட வாரத்தையும், பின்னிரண்டும் ஆண்டையும் குறிக்கும். பார்வைக்குப் புதிதாய் இருந்த டயர் எட்டாண்டுப் பழையது என்று அந்த எண்களே காட்டிக்கொடுத்தன. டயர்களை மாற்றினோம், பிரேக் எண்ணெயை மாற்றினோம், சங்கிலிக்கு எண்ணெயிட்டோம். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள, முகம் முழுவதும் மூடும் தலைக்கவசம் வாங்கினோம்.

பிறகு பயணங்களைப் படிப்படியாக நீட்டினோம். முதலில் ஒசக்கோட்டை, அடுத்து ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் உள்ள நந்தி மலை, அதன் பின் மைசூர். 2023 ஆகஸ்டு முதல் பெங்களூர் - மைசூர் விரைவுச் சாலையின் நடுவழியில் இருசக்கர வண்டிகளுக்கு அனுமதியில்லை. பக்கச் சாலையில்தான் செல்ல வேண்டும். அதுவும் நன்மையாயிற்று. ராமநகரம், சென்னபட்டணம், மத்தூர் என்று ஊர் ஊராக நின்று, மத்தூர் வடையும் தின்று மெல்லச் சென்றோம். 1961 முதல் ஜாவா மோட்டார் சைக்கிள்களும், பின்னர் யெஸ்டி வண்டிகளும் உருவான ஊர் மைசூர். அத்தொழிற்சாலை 1996ஆம் ஆண்டில் மூடப்பட்டது. ஆயினும் அங்குச் செய்த வண்டிகளை இன்றும் துடைத்து மினுக்கி ஓட்டுவோர் மைசூரிலும் பெங்களூரிலும் பலர். தம் வயதொத்தவர்கள் அவற்றில் செல்வதைக் கண்டதும் நண்பரின் முதுகு நிமிர்ந்தது.

இனி நெடும்பயணம். பெங்களூரிலிருந்து கன்னியாகுமரி ஏறத்தாழ 680 கிலோமீட்டர். மலைவழிகளும் காட்டுவழிகளும் அழகானவை என்று பலர் சொன்னார்கள். நாங்கள் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையையே தேர்ந்தோம். ஏன் தெரியுமா? அது எங்கள் தண்டவாளத்தின் தோழன். ஓசூர், தருமபுரி, சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலி என்று சாலை செல்லும் ஊர்களுக்கெல்லாம் இரயிலும் செல்கின்றது. சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கரூர் செல்லும் பாதையும் 2013ஆம் ஆண்டில் திறக்கப்பட்டுவிட்டது.

ரயில்வேக்காரன் புத்தி எங்கே போகும்! மோட்டார் சைக்கிளை இரயிலில் அனுப்பலாம். பயணச்சீட்டு உள்ளவர் தம் லக்கேஜாகவும், இல்லாதவர் பார்சலாகவும் பதியலாம். பெட்ரோலை முற்றும் வடித்துவிட வேண்டும். சாக்கு வைத்துக் கட்ட வேண்டும். பதிவுச் சான்றின் நகலும் அடையாளச் சான்றும் காட்ட வேண்டும். சேருமிடத்தின் பெயரை வண்டியில் எழுதிக் கட்ட வேண்டும். அவ்வளவே. ஆகவே புறப்படுமுன் நண்பரிடம் ஒரு வாக்குக் கொடுத்தோம்: "எந்த ஊரில் நீங்கள் 'போதும்' என்கிறீர்களோ, அந்த ஊரோடு பயணம் முடிந்தது. காரணம் கேட்க மாட்டோம். அடுத்த பெரிய நிலையத்தில் வண்டியை ஏற்றிவிட்டு, எல்லோரும் இரயிலில் திரும்புவோம்." அதே வாக்கை அவருடைய துணைவியாரிடமும் சொன்னோம். தங்கும் ஊர், சேரும் நேரம் அனைத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். அவர் அதைச் சமையலறைச் சுவரில் நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டார்.

2024ஆம் ஆண்டு, பொங்கல் கழிந்து புறப்பட்டோம். ஒரு முறை வகுத்தோம். திரும்பி வந்தவரே முன்னே செல்வார். அவர் வேகமே எங்கள் வேகம். பின்னே வருகின்றவர் முந்தக் கூடாது. எழுபது கிலோமீட்டருக்கு ஒருமுறை இறங்கிக் கால் நீட்ட வேண்டும். பொழுது சாயுமுன் ஊர் சேர்ந்துவிட வேண்டும்.

தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே தொப்பூர்க் கணவாய் இருக்கின்றது. விபத்துகளுக்குப் பெயர் பெற்ற இறக்கம் அது. கனத்த லாரிகள் பின்னால் இறங்கி வரும். இறக்கம் தொடங்குமுன் நண்பர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். தலைக்கவசத்தைக் கழற்றினார். கை நடுங்கிற்று. நாங்களும் நிறுத்தினோம். "ஒன்றும் ஆகாது, வாருங்கள்" என்று நாங்கள் சொல்லவில்லை. ஒன்றும் ஆகாது என்று சொல்ல நாங்கள் யார்? தண்ணீர் கொடுத்தோம், உட்கார்ந்திருந்தோம். அரை மணி கழிந்தது. "சேலத்தில் பார்சல் அலுவலகம் எத்தனை மணிவரை?" என்று கேட்டார். "விசாரித்துச் சொல்கிறோம்" என்று கைப்பேசியை எடுத்தோம். சற்று நேரம் சாலையையே பார்த்திருந்தார். பிறகு, "வேண்டாம், இடப்பக்கமாக மெல்ல இறங்கிவிடலாம்" என்று எழுந்தார். தாழ்ந்த கியரில், ஒரே சீராக இறங்கினார். சேலம் வரை யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

மறுநாள் பரமத்தி வேலூர் அருகே காவிரியைக் கடந்து, கரூர், திண்டுக்கல் வழியாக மாலையில் மதுரை சேர்ந்தோம். இரவு உணவுக்குப் பின் அவர் சொன்னார்: "போதும். இத்தோடு நிறுத்திக்கொள்வோம்." கன்னியாகுமரி இன்னும் 245 கிலோமீட்டர்தான். ஆயினும் வாக்கு வாக்கே. மறுநாள் பெட்ரோலை வடித்தோம், சாக்குக் கட்டினோம், இரயிலேறினோம். அவருடைய துணைவியார் பெங்களூர் நிலையத்துக்கே வந்திருந்தார். கணவரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "சொன்னபடியே கொண்டுவந்து விட்டீர்கள்" என்றார்.

தோல்வி என்று சிலர் சொன்னார்கள். காலனியில் அப்படியொரு பேச்சும் அடிபட்டது. ஆனால் அதற்கடுத்த வாரம் முதல் அவர் நாள்தோறும் அலுவலகத்துக்கு வண்டியிலேயே சென்றார். 2025 சனவரியில் அவரே எங்களை அழைத்தார். "மதுரையில் ஒரு கடன் நிற்கிறது" என்றார். வண்டியை இரயிலில் மதுரைக்கு அனுப்பி, விட்ட இடத்திலிருந்து தொடங்கினோம். கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வாங்கினோம். காற்றாலைகள் சுழலும் ஆரல்வாய்மொழிக் கணவாயில் பக்கக் காற்று வண்டியைத் தள்ளிற்று. அவர் வேகத்தைக் குறைத்து, உடலைத் தளர்த்தி, அமைதியாகக் கடந்தார். கன்னியாகுமரியில் அவருடைய துணைவியார் காத்திருந்தார். இரயிலில் முன்னதாகவே வந்து சேர்ந்திருந்தார்!

அன்பர்களே! இதனால் நாங்கள் உணர்ந்தது ஒன்றே. அஞ்சினவர்க்குத் துணிவை நாம் ஊட்ட முடியாது. அது அவருள்ளேயே முளைக்க வேண்டும். அது முளைப்பதற்கு வேண்டியது, திரும்பி வரும் உரிமை. 'எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்' என்ற உறுதி இருந்தமையால்தான் தொப்பூரில் அவர் நிறுத்தவில்லை. மதுரையில் நிறுத்தியபோது எவரும் இகழாமையால்தான் அடுத்த ஆண்டு மீண்டும் புறப்பட்டார்.

இது மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் உரிய பாடமன்று. தேர்வில் தவறிய பிள்ளை மீண்டும் புத்தகம் எடுக்கும்போதும், நோயுற்று எழுந்தவர் மீண்டும் வேலைக்குப் போகும்போதும், இழப்புற்ற தாய் ஒருத்தி மீண்டும் விழாவுக்கு வரும்போதும் இதுவே பொருந்தும். முன்னே நின்று இழுக்க வேண்டா. பின்னே நின்று தள்ளவும் வேண்டா. அவர் வேகத்தில், அவர் பின்னே, கூப்பிடு தூரத்தில் செல்வோம். பிழைப்பு நாடிப் பிறந்த ஊரை விட்டு வந்து, ஒருவர்க்கொருவர் உறவாகி வாழ்கின்ற நமக்கு இதைவிடப் பெரிய உதவி வேறென்ன?