பள்ளிக் கல்வியும் வீட்டுக் கல்வியும்



பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தால் என்ன என்று கேட்கும் பெற்றோர் இருக்கின்றனர். பள்ளிக் கல்வி, வீட்டுக் கல்வி, இவற்றில் எது தரமானது? நம் அண்டை நாடான சிங்கப்பூரை வைத்து இதைச் சிந்தித்துப் பார்ப்போம். அங்கே சட்டம் இரண்டுக்கும் இடம் தருகிறது. இரண்டையும் ஒரே தேர்வில் வைத்து அளந்தும் பார்க்கிறது.

சிங்கப்பூரின் கட்டாயக் கல்விச் சட்டம் 2000ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2003 சனவரியில் நடப்புக்கு வந்தது. அந்நாட்டில் வாழும் குடியுரிமை பெற்ற பிள்ளைகள் தேசியத் தொடக்கப்பள்ளியில் படித்தாக வேண்டும். தக்க காரணமின்றி அனுப்பாத பெற்றோருக்கு 5,000 வெள்ளி வரை அபராதமோ, 12 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். வீட்டில் கற்பிக்க விரும்புவோர் கல்வி அமைச்சிடம் விலக்குப் பெற வேண்டும். கற்பிப்பவர் யார், பாடத்திட்டம் என்ன என்பதையெல்லாம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

இத்துடன் முடியவில்லை. ஆறாண்டுக்குப் பின், மற்றப் பிள்ளைகள் எழுதும் அதே தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வை வீட்டில் படித்த பிள்ளையும் எழுத வேண்டும். ஆங்கிலம், தாய்மொழி, கணிதம், அறிவியல் என்பவை அதன் பாடங்கள். அவ்வாண்டு தேர்வெழுதிய பள்ளிப் பிள்ளைகள் நூறு பேரை மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால், அடியிலுள்ள 33 பேரைத் தாண்டிய இடத்தில் இந்தப் பிள்ளை நிற்க வேண்டும். இதுவே அங்குள்ள அளவுகோல்.

வீட்டில் படித்த பிள்ளை நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டால் வீட்டுக் கல்வியே சிறந்தது என்று சொல்லிவிடலாமா? பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு விடை எளிதில் விளங்கும். ஒருவர் நிரையில் இளமையான ஒட்டுமரங்கள். இன்னொருவர் நிரையில் பட்டை தேய்ந்த கிழமரங்கள். மாலையில் பாலை நிறுத்துப் பார்த்துவிட்டு, முன்னவரே கைத்திறன் மிக்கவர் என்று சொல்வோமா? மரத்தையும் பார்க்க வேண்டுமல்லவா? வீட்டில் கற்பிக்க முன்வருவோர் மிகச் சிலர். பெரும்பாலும் படித்த பெற்றோர். அவர்களில் ஒருவர் வேலைக்குப் போகாமல் பிள்ளையோடு இருக்க இயலும் குடும்பம். அந்தப் பிள்ளை பள்ளிக்குப் போயிருந்தாலும் நன்றாகவே படித்திருக்கலாம்.

வீட்டுக் கல்விக்கு நன்மை இல்லாமலில்லை. பிள்ளையின் வேகத்துக்கு ஏற்பப் பாடம் நடக்கும். ஒரு கணக்கு விளங்கும்வரை நின்று சொல்லலாம். நாற்பது பிள்ளைகளை ஒரே வகுப்பில் வைத்திருக்கும் ஆசிரியருக்கு அது கடினம். ஆனால், பள்ளியில் பயிற்சி பெற்ற ஆசிரியர் உண்டு, நூலகம் உண்டு, பல இனப் பிள்ளைகளோடு பழகும் வாய்ப்பு உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, தாய் தந்தையர் படிக்காதவராயினும் பள்ளியின் கதவு பிள்ளைக்குத் திறந்திருக்கும்.

பள்ளி மட்டும் போதும் என்றும் எண்ணிவிடக் கூடாது. சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையை ஒட்டிய பீட்டி சாலையில் சிண்டா எனப்படும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் இருக்கிறது. 1991இல் தொடங்கப்பட்ட இச்சங்கம் இந்திய மாணவர்களுக்குத் துணைப்பாட வகுப்புகள் நடத்துகிறது. நல்ல பள்ளிகள் நிறைந்த நாட்டிலும் பிள்ளைக்குப் பள்ளிக்கு வெளியே ஒரு துணை தேவைப்படுகிறது. தாய்மொழியின் நிலையும் அப்படித்தான். அங்கே பள்ளிகளின் பயிற்றுமொழி ஆங்கிலம். தமிழ் ஒரு பாடம். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலமே என்றோர் நூற்றுக்கு 48.3 பேர், தமிழ் என்றோர் 2.5 பேர். பள்ளி கற்றுத் தரும் தமிழ் நாவில் தங்க வேண்டுமானால் வீடு அதைப் பேச வேண்டும்.

நேயர்களே, இதில் நமக்குள்ள பாடம் என்ன? வீட்டில் கற்பது வேறு. வீட்டில் இருந்துவிடுவது வேறு. தம்பியைப் பார்த்துக்கொள்ள அக்காளைப் பள்ளிக்கு நிறுத்துவது வீட்டுக் கல்வியாகாது. பிரட்டுக்கு ஆள் குறைகிறது என்று பையனை உடன் அழைத்துப் போவதும் கல்வியாகாது. மலேசியாவிலும் 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயம் ஆகும். ஒரு நாள் தவறினால் அன்றைய பாடம் மட்டும் போவதில்லை. மறுநாள் பாடமும் விளங்காது. விளங்காத பிள்ளை மெல்ல மெல்லப் பள்ளியையே வெறுக்கத் தொடங்கும்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதே, நான் எப்படி உதவுவேன் என்று தாய்மார் கேட்கலாம். உங்களால் முடியும். மாலையில் பிள்ளையை அருகில் அமர்த்தி, "இன்றைக்கு வாத்தியார் என்ன சொல்லிக் கொடுத்தார்? எனக்குச் சொல்லு, கேட்கிறேன்" என்று கேளுங்கள். அடுத்தவருக்கு விளங்கும்படி சொல்ல முயன்றால் பாடம் மனத்தில் பதியும்; விளங்காத இடம் எதுவென்று பிள்ளைக்கே தெரிந்துவிடும். மறுநாள் அதை ஆசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள். கால்மணி நேரம் உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். சம்பளக் கணக்கைப் பிள்ளையைக் கொண்டே கூட்டிப் பாருங்கள். பெற்றோர் கூட்டத்துக்கு அழைத்தால், வேலை முடிந்த உடையோடு வந்தாலும் வாருங்கள்; ஆசிரியர்கள் உங்கள் உடையைப் பார்ப்பதில்லை.

பள்ளியா வீடா என்ற போட்டி நமக்கு வேண்டாம். காலையில் பிள்ளையைத் தவறாமல் பள்ளிக்கு அனுப்புவோம். மாலையில் தவறாமல் அதன் பாடத்தைக் கேட்போம். இரண்டு கைகளும் சேர்ந்து தூக்கினால் சுமை தெரியாது.